அழவைத்தவர்களும் சிரிக்கவைத்தவர்களும் ஒரே ஆட்களா? ஜிஸேல், கொப்பேலியா, அயலாந்தி

#1 மேல்மாடி

நீண்ட விடுமுறை, வெளியே மழை வேறு. மூன்று நாளில் மூன்று மேடைப் பதிவுகளைப் பார்த்து முடித்தேன். ஜிஸேல் (1841), கொப்பேலியா (1870), அப்புறம் கில்பர்ட் எழுத, சலிவன் இசையமைத்த அயலாந்தி (1882). முதல் இரண்டும் பாலே. மூன்றாவது பாட்டும் பேச்சும் கலந்த கேலி நாடகம்.

பார்க்காதவர்களுக்குக் கதை ஒரு வரியில். ஜிஸேல் ஒரு கிராமத்துப் பெண், இதயம் பலவீனம், ஆனால் ஆடாமல் இருக்க முடியாது. காதலிப்பவன் மாறுவேடத்தில் வந்த பிரபு என்றும், அவனுக்கு ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது என்றும் தெரிந்ததும் சித்தம் கலங்கிச் செத்துப்போகிறாள். இரண்டாம் அங்கத்தில் ஆவியாக வந்து, மற்ற ஆவிகளிடமிருந்து அவனைக் காப்பாற்றுகிறாள். நான் அழுதேன், மறைக்கவில்லை.

மறுநாள் கொப்பேலியா. இதிலும் கிராமத்துப் பெண், இதிலும் கண் அலைபாயும் காதலன். இவன் மனம் பறிகொடுப்பது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பொம்மையிடம். இவள் சாகவில்லை. பொம்மையின் உடையைப் போட்டுக்கொண்டு அத்தனை பேரையும் ஏமாற்றுகிறாள்.

மூன்றாம் நாள் அயலாந்தி. இறக்கை வைத்த தேவதைகள் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைக்குள் நுழைந்து சட்டம் பேசுகிறார்கள்.

என் சந்தேகம் இதுதான். மூன்றையும் ஒரே கதையின் மூன்று மனநிலை என்று நினைப்பது அதிகப்பிரசங்கித்தனமா? இன்னொன்று: ஜிஸேலின் முதல் அங்கத்து இசை எனக்குச் சோகக் கதையின் இசையாகவே படவில்லை. சிரிப்பு நாடகத்துக்குப் போட்ட இசை மாதிரி குதித்துக்கொண்டு போகிறது. என் காது கோளாறா?

#2 பக்கவாத்தியம்

காது சரியாகத்தான் இருக்கிறது. ஜிஸேலுக்கு இசையமைத்த அதோல்ஃப் அதாம் பிழைப்புக்கு நகைச்சுவை ஓபரா எழுதியவர். 1834இல் 'லெ ஷாலே', 1836இல் 'லோஞ்ழுமோவின் வண்டிக்காரன்'. இரண்டும் அந்தக் காலத்தில் பாரிஸில் எல்லாரும் முணுமுணுத்தவை. கிறிஸ்துமஸுக்குக் கேட்கிறோமே 'ஓ ஹோலி நைட்', அதன் மெட்டும் இவருடையதுதான். அவர் கைக்குக் கிராமத்துத் திருவிழா இசை தானாக வரும். மரணம் வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

யோசித்துமிருக்கிறார். முதல் அங்கத்தில் ஜிஸேல் ஒரு பூவின் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து "காதலிக்கிறான், காதலிக்கவில்லை" என்று பார்க்கும் இடம் இருக்கிறது இல்லையா? அங்கே ஒரு மெல்லிய மெட்டு வரும். சித்தம் கலங்கும் காட்சியில் அதே மெட்டு திரும்ப வருகிறது, ஆனால் துண்டு துண்டாக. நடுவில் நின்றுபோகும், மறுபடி தொடங்கும். அவளும் கையில் இல்லாத பூவின் இதழைப் பிய்ப்பாள். நினைவு அறுந்துபோனதை இசையால் சொன்ன இடம் அது. குதிக்கும் இசை முதலில் இருந்தால்தான் இது வலிக்கும்.

உங்கள் முதல் கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைக்கிறது. கொப்பேலியாவுக்கு இசை லியோ தெலிப். அவர் அதாமிடம் படித்த மாணவர். இருபது வயதிலேயே ஓஃபன்பாக் என்ற இசையமைப்பாளரின் சிறிய தியேட்டருக்குச் சிரிப்பு நாடகங்கள் எழுதினார். இப்போது கொப்பேலியா முதல் அங்கத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். நாயகி ஸ்வானில்டா கோதுமைக் கதிரை எடுத்துக் காதருகில் ஆட்டுவாள். சத்தம் கேட்டால் அவன் காதலிக்கிறான் என்று அர்த்தம். அவளுக்கு ஒன்றும் கேட்காது. அது குரு வைத்த பூவுக்குச் சிஷ்யன் காலத்தில் வந்த கதிர்!

#3 சும்மாபோறவன்

எல்லாம் சரி, பாலே என்றால் அன்னப்பறவை ஏரிதானே? அதை விட்டுவிட்டு ஏன் யாருக்கும் தெரியாததைப் பேசுகிறீர்கள்?

#4 பக்கவாத்தியம்

அது மாஸ்கோவில் 1877இல் வந்தது, சாய்கோவ்ஸ்கி. நாம் பேசும் ரொமான்டிக் பாலே பாரிஸில் 1830களில் தொடங்கிய அலை. மனிதன் ஒருவன், கைக்குச் சிக்காத வெள்ளுடைப் பெண் ஒருத்தி என்ற அச்சை அந்த அலைதான் வார்த்தது. அன்னமும் அதே அச்சில் வார்த்ததுதான். அதனால் நீங்கள் தப்பான இழைக்கு வரவில்லை, உட்காருங்கள்.

#5 வெளிச்சக்காரன்

நான் நாடகக் குழுக்களுக்கு லைட் போடுகிறவன். இசையை விட்டுவிட்டு என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இந்த ஆவிக் கதைகளெல்லாம் ஏன் 1830களில் திடீரென்று கிளம்பின? கேஸ் விளக்கு வந்ததால்.

பாரிஸ் ஓபராவுக்கு கேஸ் 1822இல் வந்தது. அதற்கு முன் எண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியும்தான். எண்ணெய் விளக்கை இரவுக் காட்சிக்காக மங்கவைப்பது பெரும்பாடு. கேஸில் ஒரே இடத்தில் குழாயைத் திருகினால் மேடை முழுக்க ஒரே சீராக இறங்கும். இன்று நான் டிம்மரில் விரல் வைத்துச் செய்வதை அவர்கள் குழாயில் செய்தார்கள். மங்கலான கேஸ் வெளிச்சம் மெல்லிய வெள்ளைத் துணியில் விழுந்தால் துணிக்குப் பின்னால் உடம்பு இருப்பதே மறந்துபோகும்.

இதை முதலில் பெரிதாகக் காட்டியது பாலேகூட இல்லை, ஒரு ஓபராவின் நடுவில் வந்த நடனம். 1831 நவம்பர் 21, மயர்பேரின் 'ராபர்ட் லெ டியாப்லே'. மூன்றாம் அங்கத்தில் பாழடைந்த மடம், நிலவொளி. செத்துப்போன கன்னியாஸ்திரீகள் கல்லறையிலிருந்து எழுந்து ஆடுகிறார்கள். தலைவியாக வந்தவர் மரீ தால்யோனி.

முதல் நாள் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். விளக்குகள் கழன்று ஒரு பாடகிக்குப் பக்கத்தில் விழுந்தன. மேகத் திரை ஒன்று அறுந்து தால்யோனி மேல் விழப் பார்த்தது. கடைசியில், பூமிக்குள் போக வேண்டிய பிசாசு மேடைப் பொறிக்கதவு வழியாக இறங்கியதும், இறங்கவே கூடாத நாயகன் அதோல்ஃப் நூரி வேகத்தில் அவனுக்குப் பின்னாலேயே குதித்துவிட்டார். பயங்கரக் காட்சி சிரிப்புக் காட்சியாவதற்கு ஒரு பலகை போதும், அது எங்கள் தொழிலில் அன்றாடம் பார்ப்பது.

அந்த நூரிதான் மறு வருடம் 'லா சில்ஃபீட்' (காற்றுத் தேவதை) பாலேவுக்குக் கதை எழுதினார். 1832 மார்ச் 12. அதே தால்யோனி, முதுகில் சின்ன இறக்கை, கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் வெள்ளைப் பாவாடை, விரல் நுனியில் நிற்பது. ஒரு பாடகர் குழிக்குள் விழுந்து எழுந்து எழுதிய கதையிலிருந்துதான் முழு ரொமான்டிக் பாலேவும் பறக்க ஆரம்பித்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

#6 தாழம்பூ

சிரிப்பு போதும். கேஸ் விளக்கைப் பற்றிப் பேசினால் எம்மா லிவ்ரியைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

தால்யோனி வயதானபின் பாரிஸுக்குத் திரும்பி வந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண் இவள். அவளுக்காகவே தால்யோனி ஒரு பாலே அமைத்தார், அவர் வாழ்நாளில் அமைத்த ஒரே பாலே. 1860இல் வந்தது, பெயர் 'லெ பப்பியோன்', வண்ணத்துப்பூச்சி. அதில் நாயகி தீப்பந்தத்தை நோக்கிப் பறந்து இறக்கை கருகி விழுவாள்.

அந்தப் பாவாடைகள் மெல்லிய மஸ்லின், எளிதில் பற்றும். 1844லேயே லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் மேடையில் உடை பற்றி மூன்று நாளில் இறந்திருந்தாள். பிரான்ஸில் 1859இல் துணிகளைத் தீப்பிடிக்காத கரைசலில் முக்க வேண்டும் என்று ஆணை வந்தது. முக்கினால் துணி விறைத்துப்போகும், வெண்மை மங்கி அழுக்கேறிய மாதிரி ஆகிவிடும். லிவ்ரி மறுத்தாள். முதல்நாள் ஆட்டங்களுக்குச் சாதாரணப் பாவாடையில்தான் ஆடுவேன், எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று இயக்குநருக்கு எழுதியே கொடுத்தாள்.

1862 நவம்பர் 15, 'லா முயெத் தெ போர்த்திச்சி' ஒத்திகை. ஊமைப் பெண் பாத்திரம், பேச்சு கிடையாது. தன் முறைக்காகக் காத்திருந்தபோது, கசங்கக் கூடாதே என்று பாவாடையைத் தூக்கி விசிறினாள். பக்கத் திரையருகே இருந்த கேஸ் சுடர் பிடித்துக்கொண்டது. பயத்தில் மேடைக்குக் குறுக்கே ஓடினாள், ஓட ஓடத் தீ வளர்ந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் கம்பளியால் போர்த்தி அணைத்தார். எட்டு மாதம் படுத்திருந்து 1863 ஜூலை 26 அன்று இறந்தாள். இருபது வயது. அன்று உடுத்தியிருந்த உடையில் எரியாமல் எஞ்சிய கந்தல் இன்றும் பாரிஸ் ஓபரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காற்று மாதிரி, ஆவி மாதிரி, உடம்பே இல்லாத பெண் என்று உருகி எழுதிய ஆண்களுக்கு அந்த உடம்பு எரியும் என்று தோன்றவே இல்லை. உங்கள் நிலவொளியின் விலை இது, வெளிச்சக்காரன்.

#7 வெளிச்சக்காரன்

விலையை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள், மறுத்தவள் அவள். தொழில்காரியின் பிடிவாதம் அது. துணி விறைத்தால் ஆட்டம் கெடும் என்று அவளுக்குத் தெரியும், பார்வையாளனுக்குத் தெரியாது. அதை ஆண்களின் கனவு என்று மட்டும் சொன்னால் அவளிடமிருந்து அவள் கலையையே பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஆகிவிடாதா?

#8 தாழம்பூ

பிடிவாதம் அவளுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளையாக, மெதுவாக, மிதப்பதாக இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்ற நிலையை யார் உண்டாக்கினார்கள்? பாரிஸ் ஓபராவில் சந்தாதாரர்களான பெரிய மனிதர்கள் திரைக்குப் பின்னால் இருக்கும் நடனக் கூடத்துக்கே போய்ப் பெண்களுடன் பேசிக்கொண்டிருக்கலாம். 1861இல் வாக்னர் தன் ஓபராவில் நடனத்தை முதல் அங்கத்திலேயே வைத்துவிட்டார். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தாமதமாக வரும் கனவான்களுக்கு அது தவறிப்போனது. விசில் அடித்தே மூன்று ஆட்டத்தோடு நாடகத்தை நிறுத்தினார்கள். அவர்களுக்கு வேண்டியது ஜிஸேலின் மனசு இல்லை, கால்.

#9 மேல்மாடி

இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. இரண்டாம் அங்கத்தில் ஆவிகளின் பாவாடைகள் முன்மேடை வரை வரும்போது இனி வேறு மாதிரிதான் பார்ப்பேன்.

பக்கவாத்தியம், ஒரு சின்ன கேள்வி. வண்ணத்துப்பூச்சி பாலேவுக்கு இசை யார்?

#10 பக்கவாத்தியம்

கேட்கமாட்டீர்களா என்று காத்திருந்தேன். ஓஃபன்பாக்!

ஆம், அதே ஓஃபன்பாக்தான். 1858இல் 'பாதாளத்தில் ஓர்ஃபே' போட்டு கிரேக்க தெய்வங்களையே கால் தூக்கி ஆடவிட்டவர். அதில் ஓர்ஃபேவுக்கும் அவன் மனைவிக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. அவள் செத்ததும் அவனுக்கு நிம்மதி. "ஊர் என்ன சொல்லும்" என்று ஒரு பாத்திரமே இருக்கிறது, பெயர் 'பொதுஜன அபிப்பிராயம்'. அது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதால்தான் மனைவியை மீட்கப் போகிறான். அப்படி எழுதியவரின் ஒரே முழுநீள பாலே, எரிந்து விழும் வண்ணத்துப்பூச்சி. அதன் கதையை எழுத உதவியவர் ஸான் ஜார்ஜ், ஜிஸேல் கதையைக் கவிஞர் கோத்தியேவுடன் சேர்ந்து எழுதிய அதே ஆள்.

மேல்மாடி கேட்ட "ஒரே ஆட்களா" என்பதற்கு இனி சந்தேகமே வேண்டாம். பாரிஸில் நடந்து போகும் தூரத்தில் இருந்த நாலைந்து தியேட்டர்கள், அவற்றுக்கு மாறி மாறி எழுதிய இருபது முப்பது பேர். சோகத்துக்கு ஒரு கடை, சிரிப்புக்கு ஒரு கடை என்று வைத்திருக்கவில்லை. பெரிய ஓபராவில் அழவைப்பார்கள், இரண்டு தெரு தள்ளி அதையே கேலி செய்வார்கள்.

#11 கடலோரம்

புதுச்சேரிக்காரன், இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தேன். கோத்தியே பெயர் வந்ததால் எழுதுகிறேன்.

1830இல் பாரிஸில் 'தேவனும் பயதேரும்' என்று ஒரு ஓபரா பாலே. பயதேர் என்றால் கோயில் நடனக்காரி. அந்த வேடத்தில் ஆடியதும் தால்யோனிதான். எட்டு வருடம் கழித்து, 1838இல், அசல் தேவதாசிகள் ஐந்து பேரை மூன்று வாத்தியக்காரர்களுடன் தார்திவெல் என்ற ஏற்பாட்டாளர் கப்பலேற்றிக் கூட்டிப்போனார். கடலூர் பக்கம் திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பாரிஸில் ஆகஸ்டில் வரியேத்தே தியேட்டரில் ஆடினார்கள். அதே வருடம் லண்டன் அடெல்ஃபியிலும் ஆடினார்கள்.

பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவர்கள் பெயரைப் பாடாய்ப் படுத்தியிருக்கின்றன. அமனி, தில்லமல், ரம்கூன், சௌந்திரூன், வெய்தூன். முதலாமவர் அம்மணி, இரண்டாமவர் தில்லையம்மாள் என்று நம் காது உடனே சொல்லிவிடும். சௌந்திரூன் சௌந்தரமாக இருக்கலாம். மற்ற இருவரையும் நீங்களே யோசியுங்கள். வெய்தூனுக்கு ஆறு வயதுதான். என் மகள் வயசு. அந்தக் கப்பலில் அவள் என்ன சாப்பிட்டிருப்பாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

கோத்தியே நேரில் போய்ப் பார்த்து, நகை, உடை, கண்மை வரை ஒவ்வொன்றாகப் பத்திரிகையில் எழுதினார். அம்மணி மேல் தனிப் பிரமிப்பு. பார் என்ற சிற்பி அம்மணிக்கு வெண்கலத்தில் சின்னச் சிலை செய்தார். தால்யோனியைச் சில்ஃபீடாகச் செய்த அதே சிற்பி.

மூன்று வருடம் கழித்து இதே கோத்தியே ஜிஸேல் எழுதுகிறார். 1858இல் சகுந்தலையை பாலேயாக்குகிறார். அதற்கு நடனம் அமைத்தவர் லூசியான் பெத்திபா, ஜிஸேலில் முதன்முதலாக அந்தப் பிரபு வேடம் போட்டவர். அவருடைய தம்பி மரியூஸ் பெத்திபா 1877இல் பீட்டர்ஸ்பர்க்கில் 'லா பயதேர்' போட்டார். அதன் நாயகி நிக்கியாவும் கோயில் நடனக்காரிதான், அவளும் செத்து வெள்ளுடை ஆவியாகத்தான் வருகிறாள். நம் ஊர்ப் பெண்கள் மஞ்சளும் சிவப்புமாகப் போய் இறங்கினார்கள், கடைசியில் மேடையில் அவர்களையும் வெள்ளையாக்கிவிட்டார்கள்.

#12 தாழம்பூ

கடலோரம், அந்தக் கடைசி வரிக்கு நன்றி. நான் அரைப்பக்கம் எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

#13 பக்கவாத்தியம்

அந்த வரியேத்தேவில்தான் 1864இல் ஓஃபன்பாக்கின் 'அழகி எலென்' வந்தது. ஒரே பலகைமேல் அம்மணியும் நின்றார், டிராய் அழகியைக் கேலி செய்தவர்களும் நின்றார்கள்.

#14 பழைய கோரஸ்

நானும் வரலாமா? கல்லூரியில் படிக்கும்போது அயலாந்தியில் பிரபுக்கள் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று பாடியவன். தலையில் அட்டைக் கிரீடம், மேலே திரைச்சீலையில் வெட்டிய அங்கி. அங்கியின் சிவப்புச் சாயம் என் வேட்டியில் இறங்கி இன்றுவரை போகவில்லை.

எல்லாரும் பாரிஸையே சுற்றுகிறீர்கள். லண்டனில் கில்பர்ட் என்ன செய்தார் என்று பார்த்தால் மேல்மாடியின் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். அவர் ஆரம்பகாலத்தில் எழுதிய கேலி நாடகங்களில் ஒன்று எதைக் கேலி செய்தது தெரியுமா? வெளிச்சக்காரன் சொன்ன அதே ராபர்ட், அதே செத்த கன்னியாஸ்திரீகள். 1868 டிசம்பரில் கெயட்டி தியேட்டர் அதோடுதான் திறந்தது. அதனால் 1882இல் அயலாந்தி எழுதும்போது இந்த ஆவி, தேவதைச் சமாச்சாரம் முழுக்க அவர் கைக்குள் இருந்தது.

லா சில்ஃபீடில் என்ன ஆகிறது? சூனியக்காரி கொடுத்த துணியை ஜேம்ஸ் என்ற மனிதன், தான் காதலிக்கும் தேவதையின் தோளில் சுற்றுகிறான். இறக்கைகள் உதிர்கின்றன, அவள் சாகிறாள். மனிதனும் தேவதையும் சேரக்கூடாது என்பதுதான் இந்த உலகத்தின் சட்டம்.

கில்பர்ட் வக்கீலாக இருந்தவர். அவர் அந்தச் சட்டத்தை எடுத்து எழுத்துபூர்வமாக்கிவிட்டார். "மனிதனை மணக்கும் தேவதை சாக வேண்டும்." மணந்த அயலாந்திக்கு ராணி தண்டனையைக் குறைக்கிறாள். அவள் இருபத்தைந்து வருடம் ஓடையின் அடியில் தவளைகளோடு குடியிருக்கிறாள். அவள் மகன் ஸ்ட்ரெஃபான் இடுப்புக்கு மேல் தேவதை, கீழே மனிதன். சாவித்துவாரம் வழியாக நுழைந்துவிடுவான், கால் மட்டும் வெளியே உதைத்துக்கொண்டிருக்கும் என்று அவனே புலம்புவான். ஒத்திகையில் இதற்கு மேல் எங்களால் பாட முடியாது, மாஸ்டர் பிரம்பைத் தட்டுவார்.

கடைசியில் எல்லாத் தேவதைகளும் பிரபுக்களைக் கட்டிக்கொள்கிறார்கள். எல்லாரையும் கொல்ல வேண்டுமே என்று ராணி திகைத்து நிற்கும்போது, லார்ட் சான்சலர் எழுந்து, ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும் என்கிறார். "மனிதனை மணக்காத தேவதை சாக வேண்டும்." முடிந்தது. உடனே பிரபுக்கள் அத்தனை பேருக்கும் இறக்கை முளைக்கிறது. அங்கே உதிர்ந்த இறக்கை ஐம்பது வருடம் கழித்து இங்கே வயதான பிரபுக்கள் முதுகில் முளைத்தது.

வெளிச்சக்காரனுக்கு ஒரு சேதி. சவாய் தியேட்டரில் முதல்நாள், நவம்பர் 25 அன்று, முக்கியத் தேவதைகள் தலையில் நட்சத்திரம் போலச் சின்ன மின்விளக்கு எரிந்தது. பேட்டரியை உடைக்குள் மறைத்திருந்தார்கள்.

#15 வெளிச்சக்காரன்

ஐயா, நீங்கள் எங்கே இருந்தீர்கள் இத்தனை நேரம்!

அந்தப் பேட்டரிக்கு முன்கதை இருக்கிறது. சவாய் 1881 அக்டோபரில் திறந்தது. முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டிய உலகின் முதல் பொதுக் கட்டடம், சுவான் என்பவர் கண்டுபிடித்த பல்புகள் ஏறக்குறைய 1200. முதலில் அரங்குக்கு மட்டும் மின்சாரம் வந்தது. மேடைக்குப் போதுமான மின்சாரம் டிசம்பர் இறுதியில்தான் வந்தது.

இடையில் டிசம்பர் 8, வியன்னா. ரிங் தியேட்டரில் 'ஹாஃப்மன் கதைகள்' இரண்டாவது நாள். ஓஃபன்பாக்கின் கடைசி ஓபரா, அவர் இறந்தபின் மேடையேறியது. கொப்பேலியாவின் பொம்மைக் கதை ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மனின் எந்தக் கதையிலிருந்து வந்ததோ, அதே கதையிலிருந்து இதிலும் ஒரு பொம்மை வரும். அதனால்தான் இதைச் சொல்கிறேன். திரை தூக்கும் முன்பே மேடைக்கு மேல் கேஸ் விளக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. கேஸை அடைத்ததும் உள்ளே கும்மிருட்டு, யாருக்கும் வழி தெரியவில்லை. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

இருபது நாள் கழித்து, டிசம்பர் 28. சவாயின் முதலாளி டாய்லி கார்ட் மேடையேறினார். கையில் எரியும் பல்பு. அதன்மேல் மெல்லிய மஸ்லின் துணியைச் சுற்றினார். சுத்தியலால் பல்பை உடைத்தார். விளக்கு அணைந்தது, துணியை விரித்துக் காட்டினார், ஒரு கருகலும் இல்லை. அரங்கம் கைதட்டியது.

மஸ்லினைக் கவனியுங்கள். வேறு எந்தத் துணியையும் அவர் எடுத்து வரவில்லை. தாழம்பூ, நீங்கள் சொன்ன பாவாடைத் துணி.

#16 தாழம்பூ

படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆனாலும் கொப்பேலியாவைச் சிரிப்புக் கதை என்று விட்டுவிடாதீர்கள். 1870 மே 25 முதல் நாள், ஸ்வானில்டாவாக ஆடிய ஜியுசெப்பினா போட்சாக்கிக்குப் பதினாறு வயது. ஜூலையில் பிரஷ்யாவோடு போர். ஆகஸ்டு முடிவில் ஓபராவை மூடிவிட்டார்கள், அதுவரை அவள் ஆடியது பதினெட்டு முறை. செப்டம்பரில் நடனம் அமைத்த ஸான் லியோன் இறந்தார். பாரிஸ் முற்றுகைக்குள் இருந்தது, சாப்பாடு இல்லை, தொற்றுநோய். நவம்பர் 23 காலை அவளும் போய்விட்டாள். அன்று அவளுக்குப் பதினேழாவது பிறந்தநாள். மேடையில் சாகாத பெண்ணாக வந்தவள்.

காதலன் ஃபிரான்ஸாக ஆடியது யூஜெனி ஃபியோக்ர், ஒரு பெண். ஆண் நடனக்காரன் மேடையில் வந்தாலே முகம் சுளிக்கும் நிலைக்குப் பாரிஸ் வந்திருந்தது. ஆண்வேடம் போட்டால் கால்சட்டையில் கால் இன்னும் நன்றாகத் தெரியும் என்பது கூடுதல் வசதி.

#17 பக்கவாத்தியம்

உண்மை. அதோடு பாரிஸில் ஜிஸேலும் 1868க்குப் பிறகு நின்றுபோயிற்று. நாம் இன்று பார்க்கும் ஜிஸேல் ரஷ்யாவில் பெத்திபா கையில் பிழைத்த வடிவம். 1910இல் தியாகிலெவின் ரஷ்ய பாலே குழுதான் கர்சாவினா, நிஜின்ஸ்கி என்ற நடனக் கலைஞர்களை வைத்து அதைப் பாரிஸுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. கேலி செய்தவர்கள் அசலை அழித்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அசலைக் கைவிட்டது பெரிய ஓபராவேதான். கேலி நாடகங்கள்தான் இறக்கையையும் வெள்ளைப் பாவாடையையும் ஜனங்களுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தன. தெரியாததைக் கேலி செய்தால் யார் சிரிப்பார்கள்?

#18 சும்மாபோறவன்

நான் சும்மா கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன். இரவு மணி ஒன்று. கொப்பேலியா நல்ல பதிவு எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.

#19 பழைய கோரஸ்

தம்பிக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

தாழம்பூவுக்கு ஒரு பாட்டு மட்டும். அயலாந்தி இரண்டாம் அங்கத்தில் தேவதை ராணி, காவல்காரன் மேல் வந்த ஆசையை அடக்கிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடுவாள். நடுவில் "கேப்டன் ஷா!" என்று கூப்பிட்டு, உன் படையின் குளிர்ந்த நீர் என் காதல் தீயை அணைக்குமா என்று கேட்பாள். ஷா கற்பனை ஆள் இல்லை. லண்டன் தீயணைப்புப் படையின் தலைவர். முதல் நாள் அரங்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேடையில் நின்ற ராணி இரண்டு கையையும் நீட்டி அவரைப் பார்த்தே பாடினாள்.

நாங்கள் பாடியபோது அதைச் சும்மா வேடிக்கை என்றுதான் நினைத்தோம். லிவ்ரி, வியன்னா, மஸ்லின் எதுவும் எங்களுக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த ஷாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

#20 மேல்மாடி

இன்று ஜிஸேல் இரண்டாம் அங்கத்தை மறுபடி போட்டேன். ஆவிகள் இரண்டு வரிசையாக ஒற்றைக் காலில் குறுக்கே தாவிப் போகும் இடம். போன தடவை நிலவைத்தான் பார்த்தேன். இந்தத் தடவை பாவாடை ஓரத்தை மட்டும் பார்த்தேன், ஒவ்வொரு தாவலிலும் அது எவ்வளவு தூரம் வெளியே விசிறுகிறது என்று. பக்கத் திரைக்கும் கடைசிப் பெண்ணின் பாவாடைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

அப்புறம் அயலாந்தியில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்தேன். ராணி கையை நீட்டியதும் பதிவில் இருக்கும் கூட்டம் சிரிக்கிறது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.